ரசனையில் அரியர்

விண்ணரசி தன் தம்பிக்கு எழுதியதைத் தவறுதலாகக் கல்லூரி ஆசிரியர்களின் வாட்ஸப் குழுவுக்கு அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு நடந்த எதற்கும் அவள் பொறுப்பில்லை.

திருவிடைமருதூரைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே இருக்கிறது சோழவளம் கலை அறிவியல் கல்லூரி. அங்கே விண்ணரசி விலங்கியல் உதவிப் பேராசிரியர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தம்பி ரெஜின் கத்தாரில் ஏசி பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறான். அக்காவும் தம்பியும் பள்ளிக்கூட நாளிலிருந்தே 'தகரக்கூரை' ரசிகர்கள். தகரக்கூரையைத் தெரியாதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. சென்னை ராக் இசைக்குழு. கல்யாண மண்டபத்தில் அவர்கள் பாட்டு, மினி பஸ்ஸில் அவர்கள் பாட்டு, ஐஸ்கிரீம் விளம்பரத்திலும் அவர்கள் பாட்டு. விஷயம் தெரிந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் அவர்களைக் கேட்பதை நிறுத்திப் பல வருடங்களாகின்றன. அக்காவும் தம்பியும் நிறுத்தவில்லை.

அந்தக் குழுவின் புது ஆல்பம் 'பக்கத்து வீட்டுச் சத்தம்' வெளியான அன்று காலை, கும்பகோணத்திலிருந்து கல்லூரிக்கு வரும் பஸ்ஸிலேயே விண்ணரசி அதை முழுக்கக் கேட்டு முடித்தாள். இறங்கியதும் தம்பிக்கு எழுதினாள்:

"டேய் ரெஜி, கேட்டியா? மொத பாட்டு சுமார்தான். போன ஆல்பத்துல மிஞ்சினதைச் சூடு பண்ணி வச்ச மாதிரி இருக்கு. ரெண்டாவதுல டிரம்மர் யார் மேலயோ கோவத்துல இருக்கான். ஆனா நாலாவது பாட்டு 'லைன் கிடைக்கல', அதை மட்டும் தனியா இருக்கும்போது கேளு. ஹலோ ஹலோன்னுதான் பாடறான், வேற வார்த்தையே இல்ல. மூணாவது ஹலோவுக்கு அப்புறம் ஒண்ணுமே இல்ல. இயர்போன் போயிடுச்சுன்னு வயரைத் திருகிப் பாத்தேன். அப்பறம் கிடார் உள்ள வருது பாரு. திருவிடைமருதூர் வர்ற வரைக்கும் அழுதுட்டே வந்தேன்டா. பக்கத்துல மீன்கூடையோட உக்காந்திருந்த அக்கா தண்ணி பாட்டில நீட்டுச்சு. இவனுங்க விளம்பரத்துக்குப் பாடிக் கெட்டுப் போயிட்டானுங்கன்னு ஊரே சொல்லுதுல்ல? கெட்டுப் போகட்டும். இந்த ஒரு பாட்டுக்காக எல்லாத்தையும் மன்னிச்சாச்சு."

இப்படியே ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பத்தி. அனுப்பிவிட்டு, விதிப்படி செல்போனை அலுவலகப் பெட்டியில் போட்டுவிட்டு, தவளையின் ரத்த ஓட்டத்தை நடத்தப் போய்விட்டாள்.

திரும்பி வந்து பார்த்தபோது வாட்ஸப் குழு முழுக்க வாழ்த்துகள். அந்தக் குழுவில் சாதாரணமாகக் காலை வணக்கம் சொல்லும் ரோஜாப் பூவும், சுற்றறிக்கைக்குக் கீழே 'நன்றி மேடம்' என்ற வரிசையும்தான் இருக்கும். இன்று முதலில் எழுதியிருந்தவர் முதல்வர் மங்களாம்பிகை: "சிறந்த ஆய்வு. கல்லூரிக்குப் பெருமை." அவர் எழுதிவிட்ட பிறகு எழுதாமல் இருக்க யாருக்கும் தைரியமில்லை. உடற்பயிற்சி ஆசிரியர்கூட ஆய்வு மேலும் தொடர வாழ்த்தியிருந்தார்.

முதல்வரின் தவறில் ஒரு நியாயம் இருந்தது. தர மதிப்பீட்டுக் குழு அந்தப் பருவத்திலேயே கல்லூரியைப் பார்வையிட வரப்போகிறது. ஆசிரியர்கள் என்னென்ன ஆய்வு வெளியிட்டார்கள் என்று கேட்பார்கள். கல்லூரி அதுவரை வெளியிட்டிருந்தது தாளாளரின் மணிவிழா மலர் ஒன்றைத்தான். இந்த நிலையில் ஒரு ஆசிரியர் பத்தி பத்தியாக ஏதோ எழுதியிருப்பதைப் பார்த்ததும் மங்களாம்பிகைக்கு மனம் குளிர்ந்துவிட்டது. படித்துப் பார்க்க நேரமில்லை.

முதல்வர் அறைக்குப் போய் விண்ணரசி உண்மையைச் சொன்னாள். அது ஆய்வு இல்லை, தம்பிக்கு எழுதியது, கை தவறிவிட்டது. மங்களாம்பிகை பொறுமையாகக் கேட்டார். பெரிய கண்டுபிடிப்புகள் பலவும் கை தவறித்தான் நடந்திருக்கின்றன என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தர மேம்பாட்டுப் பிரிவு ஒருங்கிணைப்பாளர் இராஜராஜன் அதைக் குறித்துக்கொண்டார்.

இராஜராஜன் வணிகவியல்காரர். எதையும் அளக்க முடியும் என்பதும், அளக்க முடியாததை நடத்தக் கூடாது என்பதும் அவர் கொள்கை. செல்போனில் விண்ணரசி எழுதியதைத் திறந்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விசாரிக்க ஆரம்பித்தார். இதன் நோக்கம் என்ன? வழிமுறை என்ன? கற்றல் விளைவு என்ன? பிறகு அவர் அழுகைக்கு வந்தார்.

"அழுதேன்னு போட்டிருக்கீங்க. எவ்வளவு அழுதீங்க மேடம்?"

"கொஞ்சம் சார்."

"கொஞ்சம்கிறதுக்கு அலகு கிடையாது. மில்லியில சொல்லுங்க."

அளக்கவில்லை என்று அவள் ஒப்புக்கொண்டாள். இராஜராஜன் ஏமாற்றத்தை வெளிக்காட்டாமல், ஒரே ஒரு ஆள் அழுததை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது, ஒரு வகுப்பையாவது அழ வைக்க வேண்டும் என்றார். விலங்கியல் துறைக்குப் பொருந்தும்படி தலைப்பையும் அவரே கொடுத்தார்: 'தகரக்கூரை இசைக்குழுவின் அண்மை வெளியீடு முதுகெலும்புள்ள உயிரினங்களில் ஏற்படுத்தும் திரவ வெளிப்பாடு: ஒரு டெல்டா மாவட்ட ஆய்வு.'

இது வேண்டாமே என்று விண்ணரசி கெஞ்சிப் பார்த்தாள். மங்களாம்பிகை, அவளுடைய பணி நிரந்தரக் கோப்பு தாளாளர் மேசையில் இருப்பதை அன்பாக நினைவூட்டினார்.

மறுநாள் இரண்டாமாண்டு மாணவர்கள் கருத்தரங்கக் கூடத்தில் உட்கார வைக்கப்பட்டார்கள். ஆளுக்கொரு சோதனைக் குழாய் கொடுத்தார்கள். காலை வழிபாட்டுக்கு வைத்திருக்கும் கூம்பு ஒலிபெருக்கியில் 'லைன் கிடைக்கல' ஒலித்தது. அந்த ஒலிபெருக்கியில் எந்தப் பாட்டும் ரேஷன் கடை அறிவிப்பு மாதிரிதான் கேட்கும். முதல் ஹலோவுக்கே பின்வரிசையிலிருந்து இர்பான் என்ற மாணவன் "சொல்லுங்க" என்றான். கூடமே சிரித்தது. சிரிப்பில் சிலருக்குக் கண்ணீர் வந்தது. அதுவும் திரவம்தான் என்று இராஜராஜன் சேகரித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத் தாளாளர் பஞ்சநதம் வந்து சேர்ந்தார். நெல் அரைவை மில் நடத்திச் சம்பாதித்து, அதில் கல்லூரி கட்டியவர். கெட்ட மனிதர் இல்லை. கல்லூரிக்கும் மில்லுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். சோதனைக் குழாயைப் பார்த்து அவர் சிரித்தார். டிரைவரை அனுப்பி, மில்லிலிருந்து நெல்லின் ஈரப்பதம் பார்க்கும் கருவியைக் கொண்டுவரச் சொன்னார். மாணவர்கள் கண் துடைத்த கைக்குட்டைகளை மடித்து அதற்குள் வைத்துப் பார்த்தார். கருவி காட்டிய எண்ணைக் கண்டதும் அவர் முகம் மாறிவிட்டது. விண்ணரசியின் எழுத்தையும் ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"ஏம்மா, பதினேழுக்கு மேல போச்சுன்னா கொள்முதல் நிலையத்துல நெல்லையே திருப்பி அனுப்பிடுவான். உன் கட்டுரையில ஈரம் ஜாஸ்தியா இருக்கு. குழு வந்தா எப்படி எடுத்துக்குவான்? நல்லாக் காயவச்சுக் குடு."

காய வைக்கும் வேலையை இராஜராஜன் செய்தார். மீன்கூடை அக்கா போனாள். தண்ணீர் பாட்டில் போனது. தம்பி 'மாதிரி நபர் இரண்டு' ஆனான். 'இந்த ஒரு பாட்டுக்காக எல்லாத்தையும் மன்னிச்சாச்சு' என்பது 'இப்பாடல் வாழ்நாள் கற்றல் திறனை மேம்படுத்துகிறது' என்று ஆனது. விண்ணரசி அதைப் படித்தபோது, தன் வீட்டில் யாரோ புகுந்து சாமான்களை ஒழுங்குபடுத்தி வைத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது.

கட்டுரை ஒரு சர்வதேச ஆய்விதழில் வெளிவந்தது. கும்பகோணத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் பக்கிரி, மாடியில் அந்த ஆய்விதழையும் நடத்திக்கொண்டிருந்தார். அவருடைய மாப்பிள்ளை ஷார்ஜாவில் இருப்பதால் அது சர்வதேச இதழ். முகூர்த்த மாதம், வேலை நெருக்கடி. கட்டுரையின் தலைப்புக்கு மேலே ஒரு ஜோடிக் குத்துவிளக்கும், முடிவில் 'தங்கள் நல்வரவை நாடும்' என்ற வரியும் தங்கிவிட்டன. அதற்குக் கீழே ஆய்வாளர்களாகப் பஞ்சநதம், மங்களாம்பிகை, இராஜராஜன் ஆகியோர் பெயர்கள். 'மற்றும் சுற்றமும் நட்பும்' என்ற இடத்தில் விண்ணரசி இருந்தாள்.

கட்டுரை வந்தால் கருத்தரங்கு நடத்த வேண்டும். அதுவும் சர்வதேசக் கருத்தரங்கு. முதலில் பேச அழைக்கப்பட்டவர் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர். கடிதத்தில் 'ராக்' என்று மட்டும் போட்டிருந்ததால் அவர் நிலவியல் துறையிலிருந்து வந்திருந்தார். வகை வகையான பாறைகளின் படங்களைக் காட்டி நெடுநேரம் பேசினார். யாரும் தடுக்கவில்லை. மாணவர்கள் தூங்கினார்கள், ஆசிரியர்கள் தலையாட்டினார்கள். முடிக்கும்போது அவர் தழுதழுத்த குரலில் சொன்னார்:

"இந்த மாவட்டத்தில் ராக் கிடையாது. மேலிருந்து கீழே வரை வண்டல்தான். பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. என் வாழ்நாள் ஆய்வின் முடிவு இது."

பலத்த கைதட்டல். நன்றியுரையில் இராஜராஜன், தகரக்கூரையின் இசை குறித்து இவ்வளவு துணிச்சலான விமர்சனத்தை இதுவரை கேட்டதில்லை என்றார். பொன்னாடை போர்த்தப்பட்டது.

அடுத்துத் தாளாளர் பேசினார்.

"நான் பாட்டு கேக்கறதில்ல. மில்லுல மெஷினுக்குப் பக்கத்துலயே நின்னு நின்னு ஒரு காது போயிடுச்சு, இன்னொண்ணு சுமாரா இருக்கு. அதனால பாட்டு விஷயத்துல எனக்கு எந்தப் பாரபட்சமும் கிடையாது. இந்தக் கல்லூரியில எல்லாத் துறைக்கும் நான் அப்படித்தான். எனக்கு எதுவும் தெரியாது. அதனாலதான் எல்லாத்தையும் ஒரே மாதிரி நடத்தறேன்."

கருத்தரங்கு சர்வதேசமாக வேண்டுமென்றால் ஒரு வெளிநாட்டுப் பேச்சாளர் தேவை. அது விண்ணரசிக்குத் தெரியாமல் ஏற்பாடாகியிருந்தது. இராஜராஜன் அவளுடைய பணிக்கோப்பிலிருந்து தம்பியின் எண்ணை எடுத்து, வீடியோ அழைப்பில் பிடித்துவிட்டார். திரையில், ஏசிக் கம்பெனிச் சீருடையும் தலைக்கவசமுமாக, ஏதோ ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் ரெஜின் தோன்றினான். 'கத்தார் நாட்டுப் பிரதிநிதி' என்று ஒலிபெருக்கி அறிவித்தது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம், அக்காவின் கல்லூரியிலிருந்து யாரோ அவசரமாகக் கூப்பிடுகிறார்கள் என்பதுதான். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, என்னக்கா ஆச்சு? உனக்கு ஒண்ணுமில்லல்ல?"

விண்ணரசி எழுந்து மேடையை நோக்கி ஓடினாள். ஒன்றுமில்லைடா என்று சொன்னாள். அவள் கையில் மைக் இல்லை. அதற்குள் படம் உறைந்துவிட்டது. குரல் மட்டும் கூம்பு ஒலிபெருக்கியில் வந்தது.

"ஹலோ... ஹலோ... ஹலோ..."

பிறகு ஒன்றுமில்லை. கூடம் முழுக்க அமைதி. அந்த அமைதி பாட்டில் இருந்த அளவுக்கே நீண்டது. சரியாக அது முடிகிற இடத்தில், பின்வரிசையிலிருந்து இர்பான் வாயாலேயே கிடாரை ஆரம்பித்தான். அவன் கேலி செய்யவில்லை, அவனால் அடக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் மேசையைத் தட்டினார்கள். குந்தவை என்ற மாணவி, முன்வரிசையில் பூங்கொத்துக் கொடுப்பதற்காகப் பட்டுப்புடவையில் நிறுத்தப்பட்டிருந்தவள், பூங்கொத்தைக் கீழே வைத்துவிட்டுப் பாட ஆரம்பித்தாள். கூடம் மொத்தமும் சேர்ந்துகொண்டது. மேடைப் படியில் நின்ற விண்ணரசிக்குக் கண் நிறைந்து வழிந்தது. இராஜராஜன் ஒரு சோதனைக் குழாயை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். அவள் பார்த்த பார்வையில் பாதி வழியிலேயே நின்றுவிட்டார்.

கத்தார் பிரதிநிதியின் உரை இனிதே நிறைவுற்றதாக மேடையில் அறிவிக்கப்பட்டது.

அன்று மாலை தம்பியைக் கூப்பிட்டு நடந்ததையெல்லாம் சொன்னாள். அவன் சிரித்துச் சிரித்து இருமினான். பிறகு, ஆல்பத்தைப் பற்றி நீ எனக்கு எதுவுமே எழுதவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டான். ஊரெல்லாம் படித்துவிட்ட கடிதத்தை அவள் அவனுக்கு மட்டும் அனுப்பவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இப்போது சொல்லு என்றான். சொல்ல வாயெடுத்தாள். 'கற்றல் விளைவு' என்ற வார்த்தைதான் முதலில் வந்து நின்றது. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். பாட்டைப் போட்டுப் பார்த்தாள். பாட்டு பாட்டாகத்தான் இருந்தது. அவளுக்குத்தான் அது இராஜராஜன் குரலில் கேட்டது. வேலை போனாலும் பரவாயில்லை என்று முதல்முறையாக அன்றைக்கு நினைத்தாள்.

கல்லூரி நிற்கவில்லை. கருத்தரங்கு முடிந்ததும் 'ராக் இசை ரசனை' எல்லா மாணவருக்கும் கட்டாயப் பாடமானது. கேள்வித்தாளும் விடைக் குறிப்பும் இராஜராஜன் தயாரித்தார், ஆய்விதழில் வந்த கட்டுரையை வைத்து. ஆல்பத்தை அவர் கேட்கவில்லை. கேட்டால் நடுநிலை போய்விடும் என்று பயந்தார். ஒரு பாடத்தை நடத்துபவர் அதில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. எனவே பாடம் நடத்த வேண்டிய விண்ணரசியும் மாணவர்களோடு உட்கார்ந்து தேர்வு எழுதினாள்.

நான்காவது பாடலைக் கேட்கையில் ஏற்படுவது யாது என்பது முதல் கேள்வி. தம்பி ஞாபகம் என்று எழுதினாள். வாழ்நாள் கற்றல் திறன் என்பது விடை. இரண்டாவது பாடலில் தாளக் கருவியின் பங்கு யாது? டிரம்மருக்கு யார் மேலோ கோபம் என்று எழுதினாள். அது தனிநபர் தாக்குதல் என்று மதிப்பெண் குறைக்கப்பட்டது. முடிவு வந்தபோது விண்ணரசி ஃபெயில். இர்பான் ஃபெயில், குந்தவை ஃபெயில். தகரக்கூரையை உண்மையிலேயே கேட்கிறவர்கள் எல்லாருமே ஃபெயில். ராக் என்றால் என்னவென்றே தெரியாத, விடைக் குறிப்பை நகலெடுத்துப் படித்தவர்கள் முதல் வகுப்பில் தேறினார்கள். பாடத்துக்கு ஆதாரமான கட்டுரையை எழுதியவரே அதில் தோற்றது, தேர்வு எவ்வளவு கறாராக நடந்தது என்பதற்குச் சான்று என்று மங்களாம்பிகை சுற்றறிக்கை விட்டார்.

அரியர் வைத்தவர்களுக்குத் தனி வகுப்பு நடத்த வேண்டும் என்பது இன்னொரு விதி. நடத்தக்கூடிய ஒரே ஆள் விண்ணரசி. மாணவியாக ஒரு கையெழுத்தும் ஆசிரியராக ஒரு கையெழுத்தும் போட்டால் சிக்கலில்லை என்று மங்களாம்பிகை தீர்த்துவைத்தார். குறுவை அறுவடை முடிந்து, தாளாளரின் நெல் மூட்டைகள் அடுக்கியிருந்த பின்கட்டு அறைதான் கிடைத்தது. பெஞ்சு இல்லை. மூட்டைகள் மேல் உட்கார்ந்தார்கள்.

முதல் வகுப்பில் விண்ணரசி விடைக் குறிப்பை எடுத்து மனப்பாடம் செய்யலாமா என்று கேட்டாள். இர்பான் பையிலிருந்து ஒரு சின்ன ஸ்பீக்கரை எடுத்து மூட்டை மேல் வைத்தான். ஆல்பம் முதல் பாட்டிலிருந்து ஓடியது. நெல் மூட்டைகள் எதிரொலியைக் குடித்துவிட்டன. அந்த அறையில் ஒலி அவ்வளவு சுத்தமாக இருந்தது. மூன்றாவது பாட்டிலேயே சண்டை வந்துவிட்டது. இவர்கள் பழைய ஆல்பத்தில் இருந்த ஆளுகளே இல்லை, பணம் வந்ததும் கிடார் மெலிந்துவிட்டது என்றான் இர்பான். பழையதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவன் கேசட் கடை வைக்கலாம் என்றாள் குந்தவை. விண்ணரசியும் இறங்கிவிட்டாள். டிரம்மரைத் திட்டினாள், பாடகரின் குரலுக்காக வாதாடினாள், தொண்டை கட்டும்வரை கத்தினாள். மணி அடித்தபோது யாரும் எழுந்திருக்கவில்லை. அன்று வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸிலிருந்தே ரெஜினைக் கூப்பிட்டாள். ஐந்தாவது பாட்டுதான் ஆல்பத்திலேயே உசத்தி என்றான் அவன். அது சுத்தக் குப்பை என்றாள் அவள். கும்பகோணம் வரும்வரை சண்டை போட்டார்கள்.

அரியர் வகுப்பு பற்றிய செய்தி பரவியது. தேர்ச்சி பெற்றவர்கள் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். பிறகு, தங்கள் விடைத்தாளை மறுமதிப்பீடு செய்து மதிப்பெண்ணைக் குறைக்கும்படி மனுக்கள் வர ஆரம்பித்தன. முதல் வகுப்பில் தேறிய ஒரு மாணவி, தனக்கு இழைக்கப்பட்ட அநியாயம் என்று கண்ணீரோடு முதல்வர் முன் நின்றாள். மங்களாம்பிகை தன் பணிக்காலத்தில் அப்படி ஒரு மனுவைக் கண்டதில்லை.

தர மதிப்பீட்டுக் குழு வந்தது. வாசலில் கோலம், நாகஸ்வரம், பூரண கும்பம். ஆய்வகத்தில் மாணவர்கள் ஒத்திகை பார்த்தபடியே எல்லாக் கேள்விக்கும் "ஆம், மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்றார்கள். குழுவினர் கொட்டாவியை மறைத்துக்கொண்டு நடந்தார்கள். அப்போது பின்கட்டிலிருந்து கூச்சல் கேட்டது. யாரோ அடித்துக்கொள்கிறார்கள் என்று நினைத்து மங்களாம்பிகை அவர்களை வேறு பக்கம் திருப்பப் பார்த்தார். முடியவில்லை. குழு போய்ப் பார்த்தபோது, அறை நிறைய, மூட்டை மேல் மூட்டையாக மாணவர்கள். நடுவில் விண்ணரசி, ஒரு கிடார் வாசிப்பு தேவையா தேவையில்லையா என்று புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வாதாடிக்கொண்டிருந்தாள். வந்தவர்களை யாரும் கவனிக்கவில்லை. இது என்ன வகுப்பு என்று குழுத் தலைவர் கேட்டார். தோற்றவர்களுக்கான வகுப்பு என்று முதல்வர் மென்று விழுங்கினார்.

குழுவின் அறிக்கை அந்த ஒன்றைத்தான் புகழ்ந்திருந்தது. 'இக்கல்லூரியில் உயிரோட்டமுள்ள ஒரே வகுப்பு, தேர்வில் தோற்றவர்களுடையது. இது மற்ற கல்லூரிகளும் பின்பற்றத்தக்க நடைமுறை.' உயர்ந்த தரமும் கொடுத்திருந்தார்கள், தற்காலிகமாக. அடுத்த பருவம் வந்து வகுப்பு தொடர்கிறதா என்று பார்த்துவிட்டு உறுதி செய்வார்கள்.

பஞ்சநதம் உடனே ஆணையிட்டார். அடுத்த தேர்வில் எல்லாரும் ஃபெயிலாக வேண்டும். சம்பா அறுவடைக்குள் ஒருவர் விடாமல் அரியர் வைத்திருக்க வேண்டும். விண்ணரசி அரியர் வகுப்பின் இயக்குநராக நியமிக்கப்பட்டாள். உறுதிச் சான்று வந்ததும் பணி நிரந்தரம் என்று தாளாளர் வாக்குக் கொடுத்தார். வகுப்பின் தரத்தைக் காக்க, இராஜராஜன் பின்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் எவ்வளவு வாதாடுகிறார்கள் என்று அளக்க ஆரம்பித்தார். வாதத்துக்கு முன் ஒரு மதிப்பெண், பின் ஒரு மதிப்பெண். குரல் உயர்ந்தால் கூடுதல். மாணவர்கள் முதல் நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாம் நாள் இர்பான் ஸ்பீக்கரை எடுத்துவரவில்லை. அதன் பிறகு அந்த அறையில் நெல் மட்டும்தான் இருந்தது.

இதற்கு ஒரு முடிவுகட்டும் யோசனை குந்தவையுடையது. விண்ணரசியிடம் வந்து சொன்னாள். விண்ணரசி ஆசிரியராக அதைக் கண்டித்தாள், மாணவியாக ஏற்றுக்கொண்டாள். தேர்வு நாளன்று கல்லூரி மொத்தமும் விடைக் குறிப்பை எழுத்துப் பிசகாமல் எழுதி வைத்தது. வாழ்நாள் கற்றல் திறன், வாழ்நாள் கற்றல் திறன், வாழ்நாள் கற்றல் திறன். இராஜராஜனே போட்ட விடைக்கு இராஜராஜனால் மதிப்பெண்ணைக் குறைக்க முடியவில்லை. எல்லாரும் பாஸ். விண்ணரசி முதலிடம்.

பஞ்சநதம் ஆசிரியர் கூட்டத்தைக் கூட்டினார். இவ்வளவு கலங்கி அவரை யாரும் பார்த்ததில்லை.

"நூத்துக்கு நூறு பாஸாமே. வெளியில தெரிஞ்சா நான் எப்படித் தலை நிமிந்து நடக்கறது? இத்தனை பேரு சம்பளம் வாங்கறீங்க, ஒரு பிள்ளையைக்கூட உங்களால ஃபெயிலாக்க முடியலையா?"

மூன்று நாளில் குழு வரும். வகுப்பு நடக்க ஒரு அரியராவது வேண்டும். ஆசிரியர்கள் யாராவது மறுதேர்வு எழுதித் தோற்க முன்வருவீர்களா என்று கேட்டார். அனைவரும் மேசையைப் பார்த்தார்கள். கடைசியில், கேள்வித்தாள் போட்டவரே பொறுப்பு என்று முடிவானது. வேண்டுமென்றே தவறாக எழுதுவது தரக் கொள்கைக்கு விரோதம், அப்படி நான் செய்ய மாட்டேன் என்று இராஜராஜன் எழுந்து நின்று சொன்னார். நேர்மையாகத்தான் தோற்பேன் என்றார். அதற்கு முதலில் பாட்டைக் கேட்க வேண்டியிருந்தது.

மறுநாள் பின்கட்டு அறையில், முழுக்கைச் சட்டையும் அடையாள அட்டையுமாக, இராஜராஜன் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். தோற்பதற்கு வந்த ஒரே மாணவர். விண்ணரசி தன் செல்போனில் ஆல்பத்தைப் போட்டுவிட்டு, எதிர் மூட்டையில் உட்கார்ந்துகொண்டாள். முதல் மூன்று பாட்டுக்கும் அவர் அசையவில்லை. நான்காவது பாட்டில் ஹலோ ஆரம்பித்தது. மூன்றாவது ஹலோ முடிந்தது. அமைதி. கிடார் வந்தது. இராஜராஜனின் முகம் சிவந்தது. பாட்டு முடியும்வரைகூட அவரால் பொறுக்க முடியவில்லை.

"என்ன மேடம் இது? மூணு ஹலோவோட விட்டுட்டான்? என் சம்சாரம் மயிலாடுதுறையில பிரசவத்துக்குப் போயிருந்தப்ப லைன் கிடைக்கல. நான் விட்டனா? பொழுதன்னைக்கும் நின்னுக்கிட்டு அடிச்சேன். சாப்பிடலை, தண்ணி குடிக்கலை. இவன் மூணு தடவை கூப்பிட்டுட்டுக் கிடாரைத் தூக்கிட்டான். அக்கறை இல்லாதவன் மேடம். இதைப் போயி நல்ல பாட்டுங்கிறீங்க. சுத்த மோசம்."

விண்ணரசி வெள்ளைத்தாளையும் பேனாவையும் எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"இதை அப்படியே எழுதுங்க சார்," என்றாள். "கண்டிப்பா ஃபெயிலாயிடுவீங்க."